ரோஸ் ரீ-சேர்ட் போட்டியில் யாரைப் பரிசோதிப்பது?

கேள்வி: கோப்பாயில் எங்கள் வலைப்பந்தாட்டக் கழகம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஒக்டோபரில் ரோஸ் நிற ரீ-சேர்ட் அணிந்து ஒரு போட்டி நடத்துகிறது. வீராங்கனைகள் 22 பேர். 16 முதல் 27 வயது. எல்லோருக்கும் மைதானத்திலேயே ‘புற்றுநோய் இரத்தப் பரிசோதனை’ செய்து தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். தலைக்கு 3,500 ரூபாவாம். செய்விக்கலாமா?

பதில்: வேண்டாம். 77,000 ரூபா வீண்.

அவர் சொல்வது பெரும்பாலும் சிஏ 15-3 பரிசோதனையாகத்தான் இருக்கும். ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் உள்ளவரில் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்தியர்கள் எடுப்பது அது. ஆரம்பக் கட்டியில் இரத்தத்தில் அந்த அளவு அநேகமாக உயராது. ஈரல் நோயில் புற்றுநோயே இல்லாமல் உயரலாம். ‘நோர்மல்’ என்ற துண்டைப் பார்த்து, கட்டியுள்ள பிள்ளை வீட்டில் இருந்துவிடுவாள். அளவு கூடியவளை, ஒன்றுமில்லாமலே, தாய் ஸ்கான் ஸ்கானாக இழுத்துக்கொண்டு திரிவார். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்குத் தரகு இரண்டிலும் உண்டு. “கூடி வந்தால் எந்த வைத்தியர் பொறுப்பெடுப்பார்?” என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். மமோகிராம் ‘பக்கேஜ்’ என்று வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் மார்பு இழையம் அடர்த்தி, படத்தில் கட்டி மறைந்துவிடும்.

பரிசோதிக்க வேண்டியவர்கள் கோர்ட்டுக்கு வெளியே கதிரையில் இருப்பவர்கள். ஒவ்வொரு வீராங்கனையும் 35 வயது தாண்டிய ஒருவரை, அம்மாவையோ சித்தியையோ, கூட்டி வரட்டும். ஒரு மாதம் முந்தியே உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கடிதம் கொடுத்து, குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரைக் கேளுங்கள். மைதானத்தில் மறைப்பில்லாமல் மார்பைச் சோதிக்க வேண்டாம். ஒரு மேசை, ஒரு கொப்பி போதும்: பெயர், வயது, சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும் திகதி. அங்கே மார்பையும் கருப்பைக் கழுத்தையும் இலவசமாகவே பார்க்கிறார்கள். அந்தத் திகதிக்குக் கூட்டிப்போவது கூட்டி வந்த பிள்ளையின் பொறுப்பு.

கிளினிக் வேலை நாள் காலையில்தான். கடையில் நிற்பவருக்கு அரை நாள் சம்பளம் போகும். ஏதும் தட்டுப்பட்டால் ஸ்கான் துண்டுக்கு ஒரு நாள், ஸ்கானுக்கு ஒரு நாள், முடிவுக்கு இன்னொரு நாள். சனிக்கிழமை ஒன்று திறந்தால் எத்தனை பேர் வருவார்கள்! இதை எத்தனை தரம்தான் சொல்வது?

வீராங்கனைகளில் விலக்கு: கட்டி தட்டுப்பட்டவள், அல்லது மார்பில் மாற்றம் கண்டவள். மாதவிடாய் தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள், நடு மூன்று விரல்களின் சதைப் பகுதியால் சிறு வட்டமாக, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி, காறை எலும்பிலிருந்து மார்பின் அடிவரையும் கக்கத்திலும் தடவிப் பார்க்கப் பழக்குங்கள். இந்த வயதில் விரலுக்கு வழுக்கி ஓடும் கட்டி பெரும்பாலும் சாதாரணமானது. ஆனால் “பெரும்பாலும்” என்பது விரலால் தீர்மானிக்கும் விடயமல்ல. ஸ்கான் எடுக்க வேண்டும், தேவையானால் ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும். “சின்னப் பிள்ளை, ஒன்றுமில்லை” என்று கையால் தொட்டு மட்டும் அனுப்பினால் விடாதீர்கள், ஸ்கானுக்குத் துண்டு கேளுங்கள். நோகவில்லை என்பது ஆறுதலல்ல. தோடம்பழத் தோல்போலத் தடித்த தோல், புதிதாக உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு என்றால் மாதவிடாய்க்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். பந்து பட்டுப் புற்றுநோய் வராது. பந்து பட்ட இடத்தைத் தடவும்போது முன்பே இருந்த கட்டி தெரியவரலாம், அவ்வளவே.

ரீ-சேர்ட் விற்பவர் “ஒரு பங்கு புற்றுநோயாளருக்கு” என்றால் யாருக்கு, எவ்வளவு என்று பற்றுச்சீட்டோடு கேளுங்கள். 2009 முதல் சிட்னியில் நடக்கும் ரோஸ் நிற டெஸ்ட் கிரிக்கெட் போட்டியில் சேரும் காசு மக்ராத் அறக்கட்டளையூடாகப் புற்றுநோய்ப் பராமரிப்புத் தாதியருக்குப் போகிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசு தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையாக நிற்கிறது. உங்களிடம் மிஞ்சுவதை அங்கே சிகிச்சைக்குத் தூரத்திலிருந்து வரும் பெண்களின் பஸ் காசுக்குக் கொடுக்கலாம். முதலில் வார்ட்டுக்குப் போய், என்ன தேவை என்று தாதியிடமே கேளுங்கள்.