பயனர் மைய வடிவமைப்பை விளையாட்டாகவே கற்றுத்தர முடியுமா?

முடியும். விளையாட வைக்காமல் இதைக் கற்றுத்தர முடியும் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. கல்லூரியில் டிசைன் பாடம் எடுக்கிறேன். "யூசரை மனதில் வைத்து வடிவமைக்க வேண்டும்" என்று போர்டில் எழுதிப் போட்டால் மாணவர்கள் தலையாட்டுவார்கள், பரீட்சையிலும் அப்படியே எழுதுவார்கள். ஆனால் புராஜெக்ட் என்று வந்தால் தங்களுக்குப் பிடித்ததைத்தான் செய்துகொண்டு வருவார்கள்.

பலரும் முதலில் கையிலெடுப்பது மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற மிட்டாய்) விளையாட்டு. 20 ஸ்பகெட்டிக் குச்சிகள், கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், 18 நிமிடம். கட்டுகிற கோபுரத்தின் உச்சியில் மார்ஷ்மெல்லோ நிற்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கியது. கடைசி நிமிடம் வரை காத்திருக்காமல் அவ்வப்போது சோதித்துப் பார் என்பதை நன்றாகவே புரியவைக்கும். ஆனால் அதில் யூசர் என்று ஓர் ஆளே கிடையாது.

அந்த வகையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிசைன் பள்ளியான டி.ஸ்கூலின் பர்ஸ் பயிற்சி எவ்வளவோ மேல். முதலில் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய அருமையான பர்ஸை வரைய வேண்டும். அப்புறம் அதை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் பர்ஸில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும். கசங்கிய பஸ் டிக்கெட், தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என ஒவ்வொன்றாக வெளியே வரும். கார்டு வைக்கப் பத்து அறை வரைந்தவருக்கு, எதிரில் இருப்பவரின் கவலையெல்லாம் அந்தப் போட்டோ மடங்கிவிடக் கூடாது என்பதுதான் என்று அப்போதுதான் தெரியும். பிறகு அந்த ஒருவருக்காகச் சார்ட் பேப்பரிலும் செல்லோ டேப்பிலும் ஒன்றைச் செய்து, அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது பேப்பர் ஸ்கிரீன் விளையாட்டு. ஆப்பின் ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். ஒரு மாணவர்தான் கம்ப்யூட்டர்; யூசர் விரலை வைக்கும் இடத்துக்கு ஏற்பத் தாளை மாற்றுவார். இன்னொருவர் குறிப்பெடுப்பார். வடிவமைத்தவர் வாயே திறக்கக் கூடாது. யூசராக வகுப்பு நண்பர்களைப் போடாதீர்கள், அவர்களுக்கு எல்லாமே ஏற்கெனவே புரிந்துவிடும். நான் கேன்டீன் அக்காவைத்தான் கூப்பிடுவேன்.

கரண்ட் பில் கட்டும் ஆப் ஒன்றில் "எண்ணை உள்ளிடவும்" என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா பென்சிலால் தன் செல் நம்பரை எழுதினார். வரைந்த பையன் பாதி எழுந்துவிட்டான். உட்காரச் சொன்னேன். அடுத்த திரை வரவில்லை. "நம்பர் சரியாத்தானே இருக்கு?" என்று அக்கா மறுபடியும் அதையே எழுதினார். அவர் போனதும் பையன், "அவங்க சரியா படிக்கல சார்" என்றான். அக்கா எழுதிய தாளை அவன் முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் ஈபி அட்டையின் படத்தை வரைந்து, இணைப்பு எண் இருக்கும் இடத்தை வட்டமிட்டான். தாள் என்பதால் திருத்த மனம் வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து புரோகிராம் எழுதியிருந்தால் இன்னும் வாதாடியிருப்பான்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று சொல்பவர்களுக்கு ஸ்காண்டிநேவியாவில் 1980களில் நடந்த யுடோப்பியா திட்டத்தைச் சொல்வேன். செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களும் பெல்லே எஹ்ன் (Pelle Ehn) போன்ற ஆய்வாளர்களும் சேர்ந்து, இன்னும் கைக்கு வராத கருவிகளுக்குப் பதிலாக அட்டைப் பெட்டிகளை வைத்து வேலை செய்து பார்த்தார்கள். வெறும் பெட்டியில் "லேசர் பிரிண்டர்" என்று எழுதி வைத்து, அது வந்தால் தங்கள் வேலை எப்படி மாறும் என்று பேசினார்கள்.

நீங்கள் நடத்தினால், வகுப்பு நேரத்தில் பாதியையாவது விளையாட்டு முடிந்தபின் பேசுவதற்கு ஒதுக்குங்கள். வென்றவருக்குப் பரிசெல்லாம் வேண்டாம், கவனம் அதிலேயே போய்விடும். முதல் கேள்வியை யூசரிடம் கேளுங்கள்: "எந்த இடத்துல தயங்கினீங்க?" வடிவமைத்தவர் அதற்குப் பிறகு பேசட்டும்.