சிகரெட்டுக்கு மாதம் 450 வெள்ளி: கடனை எப்படி அடைப்பது?

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட் வேலை. மத்திய சேமநிதி எனும் கட்டாயச் சேமிப்புக்குப் போக, கைக்கு 2,560 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். கடன்பற்று அட்டையில் (கிரெடிட் கார்டு) 4,000 வெள்ளி பாக்கி. நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பதுதான் காரணம் என்கிறார் மனைவி. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரிலிருந்து மலிவாக வாங்கி வருவதாக நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? ஆயுள் காப்புறுதியும் எடுக்க நினைக்கிறேன். – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: நண்பரின் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரே ஒரு பெட்டியாக இருந்தாலும் சரி. வரி கட்டாத சிகரெட்டை வாங்குபவரும் குற்றவாளிதான். ஏய்த்த வரியைப் போல 40 மடங்கு வரை அபராதம், சிறைக்கும் வாய்ப்புண்டு.

மனைவியின் கணக்கு சரியானதே. பெட்டி ஏறத்தாழ 15 வெள்ளி என்றால் மாதம் 450. ஒன்பது மாதச் சிகரெட் காசு உங்கள் கடன் மொத்தத்துக்கும் சமம். ஆனால் இதில் ஒரு நியாயக் குறைவும் இருக்கிறது. வரி ஒவ்வொரு சிகரெட்டுக்கும் இவ்வளவு என்று விதிக்கப்படுகிறது. 2023 பிப்ரவரியில் அது 15 விழுக்காடு உயர்ந்தது. கைக்கு 10,000 வெள்ளி வாங்கும் மேலாளருக்கு அந்த 450 வெள்ளி ஐந்து விழுக்காடுகூட இல்லை. உங்களுக்கோ ஏறத்தாழ 18 விழுக்காடு. விலை ஏறினால் புகைப்பவர்கள் விட்டுவிடுவார்கள் என்பது அரசின் எதிர்பார்ப்பு. பலர் விடுகிறார்கள். விட முடியாதவர்கள் வீட்டுச் செலவைக் குறைக்கிறார்கள்.

ஏன் விட முடியவில்லை? இரவு இரண்டு மணி இடைவேளையை நினைத்துப் பாருங்கள். புகைப்பவர்கள் வெளியே போகிறார்கள், மேற்பார்வையாளரும் கூடவே. அடுத்த வாரம் யாருக்குக் கூடுதல் நேர வேலை என்ற பேச்சு அங்கேதான் நடக்கிறது. உள்ளே நிற்பவருக்கு ஓய்வும் இல்லை, செய்தியும் இல்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் 'மன உறுதி வேண்டும்' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆகவே அந்த வட்டத்தை விட்டு விலகாதீர்கள். கையில் ஒரு கோப்பி-ஓவோடு (பால் சேர்க்காத காப்பி) போய் நில்லுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் இலவச ஆலோசனை எண் 1800 438 2000.

முதல் மாதமே 450 வெள்ளியையும் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். சம்பளம் விழும் அன்றே 225 வெள்ளி அட்டைக் கடனுக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். நாளுக்கு அரைப் பெட்டிக்குத்தான் காசு மிஞ்சும். முழுதாக விட்டதும் தொகையை 450 ஆக்குங்கள். அட்டை வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 450 வெள்ளி கட்டத் தொடங்கியபின் பத்து மாதத்துக்குள் கடன் தீரும். அதுவரை ஓய்வுக்காலத்துக்கான சேமநிதிச் சிறப்புக் கணக்கில் கூடுதலாகப் பணம் போட வேண்டாம். அங்கே நான்கு விழுக்காடு வட்டிதான், போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்கவும் முடியாது.

காப்புறுதியைத் தள்ளிப்போடாதீர்கள், பிள்ளைகள் சிறியவர்கள். சேமிப்பு கலந்த திட்டம் வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் காப்பு தரும் மலிவான திட்டம் போதும். படிவத்தில் புகைப்பழக்கத்தை மறைக்கக் கூடாது. பின்னால் இழப்பீடு மறுக்கப்படலாம். புகைப்பவருக்குச் சந்தா (பிரீமியம்) கணிசமாக அதிகம்தான். பொதுவாக 12 மாதம் நிகோட்டின் தொடாதவரையே புகைக்காதவராகக் கொள்கிறார்கள். ஓராண்டு கழித்துச் சந்தாவைக் குறைக்க விண்ணப்பிக்கலாமா என்று கையெழுத்திடும் முன்பே முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.