ஹைடர், அலாஸ்கா: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஹைடர் பற்றிப் பேச்சு வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் குடியிருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், அதன் வடமேற்கில்; கோடையில் அந்தப் பக்கம் போய்வருவது வழக்கம். தெரியாதவர்களுக்கு: போர்ட்லண்ட் கால்வாய் என்ற நீண்ட கடல் நுழைவின் தலைமாட்டில், அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில், அதன் கிழக்குக் கோடியில் இருக்கும் குட்டி ஊர் இது. 3 கிலோமீட்டர் தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாவின் ஸ்டூவர்ட் என்ற ஊர். தரைவழி என்றால் ஸ்டூவர்ட் வழியாக மட்டும்தான்.

அக்கா, அங்கே நகராட்சி, பஞ்சாயத்து எதுவுமே இல்லையாமே? அப்புறம் ஊரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. அலாஸ்காவின் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி, மாவட்ட அளவிலான உள்ளாட்சி இல்லாத பகுதி. ஹைடரும் அதில் அடக்கம். ஊர்க்காரர்களே நடத்தும் லாப நோக்கமற்ற சங்கம் ஒன்று பொதுக் காரியங்களைக் கவனிக்கிறது. போலீஸ் நிலையம் இல்லை; மாநிலப் போலீசார் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். சொத்து வரி இல்லை, மாநில வருமான வரியும் இல்லை. மத்திய அரசின் வருமான வரி மட்டும் விடாது. போதாததற்கு, தகுதியுள்ள அலாஸ்காவாசிகளுக்கு எண்ணெய் வருமான நிதியிலிருந்து ஆண்டுதோறும் பங்குத்தொகை வேறு. இதைக் கேட்டதும் சிலருக்குக் கண் விரியும். ஆனால் 2010 கணக்கெடுப்பில் 87 பேர் இருந்த ஊரில் 2020இல் 48 பேர்தான். வரிக்காக மட்டும் யாரும் அங்கே போய்க் குடியேறுவதில்லை.

கரன்ட், போன், பணம் எல்லாம் எந்த நாட்டுடையது?

கரன்ட் கனடாவிலிருந்து வருகிறது. போனுக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏரியா கோடான 250. கடைகளில் கனடா டாலரும் சகஜமாக ஓடும். கடிகாரமும் ஸ்டூவர்ட்டோடுதான். இதற்கெல்லாம் ஒரே விதிவிலக்கு தபால் நிலையம்: அங்கே அமெரிக்க டாலர், அலாஸ்கா நேரம். ஆகவே வாசலைத் தாண்டினால் ஒரு மணி நேரம் பின்னே போய்விடுவீர்கள்!

இந்தியப் பாஸ்போர்ட், கனடா விசிட்டர் விசா. அமெரிக்க விசா இல்லை. ஹைடரில் செக்கிங்கே இல்லை என்கிறார்கள், எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா?

வேண்டாம் தம்பி. அந்தப் பக்கம் அமெரிக்கச் சோதனைச் சாவடி இல்லை என்பது உண்மை. நேராக உள்ளே நடந்து போகலாம், யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் மறிக்க ஆளில்லை என்பதற்காக அமெரிக்கச் சட்டம் இல்லாமல் போகாது. விசா இல்லாமல் நுழைந்தது நுழைந்ததுதான். திரும்பும்போது கனடாவின் சாவடி நிச்சயம் இருக்கிறது; அங்கே பாஸ்போர்ட்டை நீட்டியாக வேண்டும். நாளைக்கு அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கதையை எப்படி எழுதுவீர்கள்? சால்மன் பனியாற்றுக்குப் போகும் ரோடும் ஹைடர் வழியாகத்தான், அதனால் அதையும் விட்டுவிடுங்கள். பனியாறுதான் பார்க்கணும் என்றால், ஸ்டூவர்ட்டுக்கு வரும் 37ஏ நெடுஞ்சாலையிலேயே ‘பேர்’ (Bear) என்ற பனியாறு தெரியும். கனடாவை விட்டு ஓரடிகூட நகர வேண்டாம்.

ஆஸ்பத்திரி, மளிகை?

இரண்டுக்கும் ஸ்டூவர்ட்தான். அதுவும் பெரிய நகரமல்ல, 2021இல் 517 பேர். சின்ன மருத்துவ மையம் ஒன்று உண்டு. பெரிய சிகிச்சை என்றால் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கனடா நகரம் டெரஸ், அல்லது கடல் விமானத்தில் அலாஸ்காவின் கெச்சிக்கன் நகரம். ஹைடர்க்காரர்கள் அமெரிக்கவாசிகள் என்பதால் கனடாவின் இலவச மருத்துவம் அவர்களுக்குப் பொருந்தாது, கைக்காசுதான்.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2020இல் தெரிந்தது. கொரோனாவுக்காக எல்லை மூடியபோது, ஹைடர்க்காரர்களுக்குக் கடைக்குப் போவதே பிரச்சினையாகிவிட்டது. பக்கத்துத் தெரு மாதிரி இருந்த இடம் திடீரென்று வெளிநாடு. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில்தான், அத்தியாவசியத் தேவைக்காக வருபவர்களுக்குத் தனிமைப்படுத்தலிலிருந்து கனடா விலக்கு கொடுத்தது. ஒட்டாவாவிலும் வாஷிங்டனிலும் விதி எழுதியவர்களுக்கு இப்படியொரு ஊர் இருப்பதே அதுவரை நினைவில் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் வருமா?

வரும், நிதானமாக. கெச்சிக்கனிலிருந்து தண்ணீரில் இறங்கும் கடல் விமானம் வாரத்துக்கு 2 முறை தபால் கொண்டுவரும். மேகம் மலையை மூடிவிட்டால் அதுவும் இல்லை.

இவ்வளவு சிரமமான இடத்தில் ஊர் எதற்கு முளைத்தது?

தங்கமும் வெள்ளியும்தான். 1914இல் ஃபிரெடரிக் ஹைடர் என்ற கனடா சுரங்கப் பொறியாளரின் பெயரை வைத்தார்கள். பக்கத்து ரிவர்சைடு சுரங்கம் 1924 முதல் 1950 வரை ஓடியது. அப்புறம் கூட்டம் கலைந்துவிட்டது.

விசா இருக்கிறது அக்கா, குழந்தைகளோடு கரடி பார்க்க எப்போது வரலாம்?

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. சால்மன் மீன்கள் முட்டையிட ஃபிஷ் கிரீக் ஓடைக்கு ஏறி வரும், அதைத் தின்னக் கரடிகள் வரும். பழுப்பும் உண்டு, கறுப்பும் உண்டு. அமெரிக்க வனத்துறை உயரமான மரநடைபாதை கட்டி வைத்திருக்கிறது, கட்டணம் உண்டு. பிஸ்கட் பொட்டலம்கூட உள்ளே எடுத்துப் போகாதீர்கள், குழந்தைகளுக்கு முன்னாலேயே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். பெட்ரோலை ஸ்டூவர்ட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வரும் யோசனை இருந்தால், பனிச்சரிவால் 37ஏ மூடப்படுவதுண்டு. கிளம்பும் முன் ரோடு நிலவரம் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.