500 வருடமாக வெடிக்காத எரிமலையை அணைந்துவிட்டது என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ கிட்டத்தட்ட அவ்வளவு காலம் சும்மா கிடந்த மலைதான்.

1991-க்கு முன் அதன் உயரம் 1,745 மீட்டர். காடு மூடி, மழையில் கரைந்து, பக்கத்து மலைகளிலிருந்து தனித்தே தெரியாது. சரிவுகளில் ஆயிட்டா பழங்குடியினர் குடியிருந்தார்கள். ஆனால் அடியில் வேலை நிற்கவில்லை. தென்சீனக் கடலின் தரை மணிலா அகழி என்ற கடலடிப் பள்ளம் வழியாக லூசோன் தீவுக்குக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. கூடவே போகும் நீர், மேலிருக்கும் பாறையைக் குறைந்த வெப்பத்திலேயே உருகவைக்கிறது. பினாட்டுபோவின் மாக்மா, அதாவது அடியில் இருக்கும் பாறைக்குழம்பு, டேசைட் வகை. சிலிக்கா அதிகம், பிசுபிசுப்பு அதிகம், வாயு லேசில் வெளியேறாது. அந்த மாக்மாவுக்குள் இன்னும் ஆழத்திலிருந்து பசால்ட் என்ற வேறு வகைச் சூடான பாறைக்குழம்பு வந்து புகுந்ததும் மலை விழித்துக்கொண்டது.

1991 ஏப்ரல் 2-ல் நீராவி வெடிப்புகள் தொடங்கின. பிலிப்பைன்ஸ், அமெரிக்க விஞ்ஞானிகள் பழைய வெடிப்புகளின் படிவுகளில் கிடந்த கரித்துண்டுகளின் வயதைக் கணக்கிட்டார்கள். இது எப்போதாவதுதான் வெடிக்கும், வெடித்தால் பெரிதாக வெடிக்கும் என்று தெரிந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வாயு அளவுதான். கந்தக டை ஆக்ஸைடு மே 13-ல் நாளொன்றுக்கு 500 டன். மே 28-ல் 5,000 டன்னுக்கும் மேல். இரண்டே நாளில் 280 டன்னாகச் சரிந்தது. நாமாக இருந்தால் 'அப்பாடா, அடங்கிடுச்சு' என்று மூட்டை முடிச்சோடு வீடு திரும்பியிருப்போம். விஞ்ஞானிகளோ பயந்தார்கள். வாயுவை இழந்த மாக்மா கெட்டியாகி வழியை அடைத்திருக்கும், உள்ளே அழுத்தம் ஏறும் என்பது அவர்கள் கணிப்பு. பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

ஜூன் 15-ல் உச்ச வெடிப்பு. போதாக்குறைக்கு அதே நாளில் யுன்யா புயல். மழையில் ஊறிக் கனத்த சாம்பல் கூரைகளை நொறுக்கி நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. வானுக்குப் போன சுமார் 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்ஸைடு, உலகின் சராசரி வெப்பநிலையை ஓரிரு வருடங்களுக்கு அரை டிகிரி போலக் குறைத்தது. சிகரம் 250 மீட்டருக்கும் மேல் குட்டையாகி, இரண்டரை கிலோமீட்டர் அகலப் பள்ளமானது.

வெடிப்பு நின்றும் தொல்லை தீரவில்லை. அப்புறம் பல மழைக்காலங்களுக்குச் சாம்பல் சேறு ஆறுகளில் இறங்கியது. 1995-ல் பகோலோர் ஊரே புதைந்தது, அங்குள்ள தேவாலயம் பாதி உயரத்துக்கு மண்ணுக்குள் போனது. மலைமேல் இப்போது அழகான ஏரி, சுற்றுலாக் கூட்டம். 2021 நவம்பரிலும் அங்கே ஒரு சிறு நீராவி வெடிப்பு நடந்தது.