கேம் திறக்கும்போதே லோகோவில் நின்றுவிடுகிறது. மூன்று தடவை மறுபடி இன்ஸ்டால் செய்தும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?

நான்காவது தடவை இன்ஸ்டால் செய்யாதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: விண்டோஸில் உங்கள் பெயரைத் தமிழில் அடித்து வைத்திருக்கிறீர்களா?

சிரிக்க வேண்டாம், எனக்கு நடந்தது இது. மல்லாவியில் இருக்கிறேன். வவுனியாவில் பாவித்த லப்டொப் ஒன்று வாங்கி வந்தேன். விண்டோஸ் பெயர் கேட்டதும், தமிழ் விசைப்பலகை இருக்கிற புளுகத்தில் தமிழிலேயே அடித்துவிட்டேன். பிறகு பழைய கால்பந்து கேம் ஒன்றைப் போட்டால், லோகோ வரும், பாட்டும் கேட்கும், அதோடு சரி. இரண்டு இரவு விழித்திருந்து இரவு டேட்டாவில் திரும்ப இறக்கினேன். கிராபிக்ஸ் டிரைவர் மாற்றினேன். தெரிந்த தம்பி ஒருவர் ரேம் காணாது என்றார். நல்ல காலம், கையில் காசு இருக்கவில்லை.

பிடி கிடைத்தது டாஸ்க் மேனேஜரில். கேம் நிற்கிற நேரம் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கவில்லை, வேலை செய்கிறது. முதல் தடவை ஷேடர் (படத்தின் நிறம், ஒளியைக் கணிக்கிற சிறு நிரல்) தயாரிக்கிற கேம்கள் பழைய லப்டொப்பில் நிறைய நேரம் எடுக்கும், தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். எனக்கோ டிஸ்க் பூச்சியம், சிபியூ 25 சதவீதத்தில் அசையாமல் நின்றது. சிபியூவின் நான்கு கோரில் ஒன்று மட்டும் செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்றுகிறது.

கேமின் கோப்புறையில், நடப்பதை எழுதி வைக்கும் லொக் கோப்பு ஒன்று கிடந்தது. நோட்பேடில் திறந்தால், சேமிப்புக் கோப்புறையை உருவாக்க முடியவில்லை என்ற ஒரே வரி பக்கம் பக்கமாக. அதில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை தெரியாத பழைய மென்பொருட்கள் எழுத்துகளைக் கோட் பேஜ் என்ற அட்டவணை வழியாகத்தான் அறியும். விண்டோஸில் ரஷ்ய மொழிக்கு 1251, ஜப்பானியத்துக்கு 932 என்று உண்டு. தமிழுக்கு, பழைய மென்பொருட்கள் இப்படிப் பாவிக்கக்கூடியது ஒன்றும் இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் வந்ததே யூனிகோடாக மட்டும்தான். ஆகவே நம் எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும். கோப்புறைப் பெயரில் கேள்விக்குறி வர விண்டோஸ் விடாது. கேம் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டே நிற்கும். (பாமினி எழுத்துருவில் அடிக்கிற பழைய ஆட்களுக்கு இந்தத் தொல்லை வராது. அதற்குள் இருப்பது ஆங்கில எழுத்துத்தானே!)

கணக்கின் பெயரை மாற்றினால் மட்டும் தீராது. சி டிரைவில் யூசர்ஸுக்குள் இருக்கும் கோப்புறை பழைய பெயரிலேயே கிடக்கும். ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு ஒன்று திறந்து, அதில் கேமைப் போட்டுப் பாருங்கள். ஓடினால், பிறகு கன்ட்ரோல் பேனலில் காட்டும் பெயரைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம், கோப்புறைக்கு ஒன்றும் ஆகாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பெயர் ஏற்கெனவே ஆங்கிலத்தில்தான் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ் போட்டிருக்கிறதா பாருங்கள். அதுவும் டொக்கியுமென்ட்ஸுக்குள் கேமை எழுத விடாது. விளையாடும்போது கரண்ட் போய் செட்டிங்ஸ் கோப்பு பழுதாகியிருந்தாலும் இப்படி நிற்கும். அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் பெரும்பாலும் கேம் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதற்கு முன் சேவ் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

அப்படியும் சரிவராவிட்டால் லொக் கோப்பின் கடைசி இருபது வரியைக் கீழே போடுங்கள், பார்ப்போம்.