177 சிசி சிலிண்டர் கிட் போட்ட பழைய வெஸ்பாவுக்குக் கம்ப்ரஷனும் போர்ட் டைமிங்கும் எவ்வளவு வைக்கலாம்?

இதைக் கேட்ட நீங்கள் ஊர் கோயம்புத்தூர் என்று போட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊட்டிக்கு ஏறப்போகிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் டைமிங்கை, அதாவது கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள் (போர்ட்) எத்தனை டிகிரி திறந்திருக்கும் என்பதை, விடுங்கள்; வண்டி எந்த உயரத்தில் ஓடும் என்று முதலில் யோசியுங்கள். எனக்கு இது ஒரு பிஸ்டன் போன பிறகுதான் புரிந்தது.

நான் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் லெனேசியாக்காரன். ஊர் 1,700 மீட்டர் உயரம். கடற்கரையோடு ஒப்பிட்டால் காற்று ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் இங்கே 93 ஆக்டேன் (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் அளவு) பெட்ரோலும் விற்கிறார்கள்; கடலோர டர்பன் பக்கம் வழக்கமாக 95.

என்னுடையதும் உங்களைப்போல 63 மில்லி போர் (சிலிண்டர் விட்டம்), 57 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது ஹெட்டில் மிஞ்சும் இடம் 18.6 சிசி, அதாவது கம்ப்ரஷன் ரேஷியோ 10.5. ஸ்க்விஷ் இடைவெளி (உச்சியில் பிஸ்டனுக்கும் ஹெட் ஓரத்துக்கும் நடுவே உள்ள சந்து) 1.8 மில்லி. அது பெரிதாகப் பட்டதால் ஹெட் உட்காரும் முகத்தை லேத்தில் அரை மில்லி எடுத்தேன். அரை மில்லிதானே என்று நினைக்காதீர்கள். 63 மில்லி போரில் அது 1.5 சிசிக்கு மேல். ரேஷியோ 11.4-க்குப் போய்விட்டது. இங்கே வண்டி பறந்தது. 93 போட்டும் ஒரு தட்டல் சத்தம் (கலவை தானாக வெடிக்கும் சத்தம்) இல்லை.

அந்தத் தைப்பூசத்துக்குக் காவடி பார்க்க டர்பனுக்கு வண்டியிலேயே கிளம்பினேன். அதே 118 ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), டாங்க் நிறைய 93. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி கேட்டோ ரிட்ஜ் பக்கம் ஏறும்போது தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவது போல ஒரு சத்தம். நான் த்ராட்டிலைக் குறைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் தலையில் ஓட்டை. மீதி வழிக்கு மச்சான் பக்கி (பிக்கப் வண்டி) கொண்டு வந்தார். காவடி முடிந்து சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

"ரேஷியோ உயரத்தால் மாறாதே" என்று எஞ்சினியர் யாராவது வருவார். மாறாதுதான் ஐயா. உள்ளே அடைபடும் காற்று மாறுகிறதே! கீழே இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகும், ஜெட் அதேதான், கலவையில் பெட்ரோல் போதாமல் போகும், அழுத்தமும் ஏறும். அதனால்தான் அந்தத் தட்டல்.

இதோடு ஒன்று. போன தடவை எழுதியபோது ஒற்று விட்டுப்போனதற்குச் சிலர் வகுப்பே எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் 1860-லிருந்து டர்பனில் கப்பலிறங்கியவர்கள். எனக்குப் பள்ளியில் தமிழ் கிடையாது. ஆயாவிடமும் கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பிலும் கற்றதுதான். ஸ்க்விஷுக்கு நல்ல தமிழ்ச்சொல் தெரிந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், ஒற்றை அப்புறம் பார்க்கலாம்.

சரி, டைமிங். என்னுடையது எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் துளை) 172 டிகிரி, டிரான்ஸ்பர் (புதுக் கலவை உள்ளே வரும் துளை) 120. வித்தியாசத்தில் பாதி, 26 டிகிரி, புளோடவுன்; அதாவது டிரான்ஸ்பர் திறக்கும் முன் எக்ஸாஸ்ட் மட்டும் திறந்திருக்கும் நேரம். தினசரி ஓட்டத்துக்கு இது போதும். எக்ஸாஸ்ட்டைக் கூட்ட சிலிண்டருக்கு அடியில் பேக்கிங் வைக்கச் சொல்வார்கள். ஒரு மில்லி தூக்கினால் எக்ஸாஸ்ட் சுமார் 4 டிகிரி கூடும், டிரான்ஸ்பரோ 5-க்கு மேல் கூடும். புளோடவுன் குறைந்துவிடும், ஸ்க்விஷும் ஒரு மில்லி விரியும். டிகிரி டிஸ்க் (கிராங்கில் மாட்டும் கோணமானி) வைக்கும்போது பிஸ்டனின் உச்சியைக் கண்ணால் குறிக்காதீர்கள். பிஸ்டன் அங்கே பல டிகிரி அசையாத மாதிரியே நிற்கும். பிளக் துளையில் போடும் ஸ்டாப்பரில் பிஸ்டனை இரண்டு பக்கமும் முட்டவிட்டு நடுவை எடுங்கள். ஸ்க்விஷை பிஸ்டன் பின் போகும் திசையில் இரண்டு பக்கமும் சால்டர் கம்பி வைத்து, அது நசுங்கிய தடிமனை அளந்து பாருங்கள். வேறு திசையில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் அளவு காட்டும்.

இப்போது ஸ்க்விஷை 1.3-லேயே விட்டு, ஹெட்டின் நடுக்குழியை மட்டும் அகலமாக்கி 18.6 சிசிக்குத் திரும்பிவிட்டேன். ஜோகன்னஸ்பர்க்கில் கொஞ்சம் சோம்பல்தான். டர்பனுக்கு 125 ஜெட்டும் ஸ்க்ரூடிரைவரும் பெட்டியில் போகும்.

உங்கள் ஸ்க்விஷ், ஹெட் சிசி, எந்த சைலன்சர் என்று எழுதுங்கள். அது தெரியாமல் உங்களுக்கு நம்பர் சொல்ல மாட்டேன்.