ஃபாரின் ஃபண்டு வாங்குது, புரமோட்டரும் வாங்குறாரு, நானும் 5 லட்சம் போடலாமா?

கேள்வி: சார் வணக்கம். உசிலம்பட்டியில மளிகைக்கடை வச்சிருக்கேன், வாராவாரம் கீழமாசி வீதிக்கு சரக்கெடுக்க மதுரை வருவேன். சீட்டு எடுத்த காசு 5 லட்சம் கையில இருக்கு. தங்கச்சி மாப்பிள்ளை ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஷேர மொத்தமா வாங்கிப் போடுங்க மச்சான்னு சொல்றாரு (பேரு தனியா அனுப்பிருக்கேன்). போன குவார்ட்டர்ல (மூணு மாசத்துல) எஃப்ஐஐ, அதான் ஃபாரின் ஃபண்டுகளோட பங்கு 2 சதவீதம் கூடிருக்காம், புரமோட்டர், அதான் கம்பெனி மொதலாளி குடும்பமும் வாங்கிருக்காம். உள்ள இருக்கவனே வாங்குறான்னா வெவரம் தெரியாமயா வாங்குவான்னு கேக்குறாரு. எனக்கும் அது சரின்னுதான் படுது. பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது, ரெண்டு வருசத்துல காலேஜ் ஃபீஸ் வேற வரும். என்ன செய்யலாம்?

பதில்: அண்ணே, மொதல்ல நேரா பதில சொல்லிடுறேன், அந்த 5 லட்சத்தையும் அந்த ஒரே ஷேர்ல போடாதீங்க. கம்பெனி மோசம்னு சொல்லல. மாப்பிள்ளை சொன்ன ரெண்டு தகவலும் பொய்யும் இல்ல, ஆனா ரெண்டுமே பாதி தகவல். யாரு வச்சிருக்கா, யாரு வாங்குனாங்குறது மட்டும் தெரிஞ்சா பத்தாது, எதுக்காக வாங்குனாங்க, அவங்க காசுல எவ்வளவு பங்கு இதுல இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அந்தத் தகவல் நமக்கு உதவும்.

நீங்க பேரு அனுப்புனதும் அந்தக் கம்பெனியோட ரெண்டு வருச ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன, அதாவது யாருகிட்ட எத்தனை சதவீதம் ஷேர் இருக்குங்குற பட்டியல எடுத்துப் பாத்தேன். பிஎஸ்இ, என்எஸ்இங்குற ரெண்டு ஷேர் எக்ஸ்சேஞ்சு சைட்லயும் இது ஓசியாவே கிடைக்கும், குவார்ட்டர் முடிஞ்சு 21 நாளைக்குள்ள ஒவ்வொரு லிஸ்டட் கம்பெனியும் (எக்ஸ்சேஞ்சுல ஷேர் வியாபாரம் ஆகுற கம்பெனி) போட்டே ஆகணும்னு ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்குற செபியோட ரூல் இருக்கு. கம்பெனி பேர இங்க எழுதல, ஏன்னா இதப் படிச்சிட்டு நாலு பேரு வாங்கவோ விக்கவோ ஓடக்கூடாது.

மொதல்ல புரமோட்டர் வாங்குன கதைக்கு வருவோம். புரமோட்டரு, டைரக்டரு, கம்பெனிக்குள்ள முக்கிய தகவல் தெரிஞ்ச ஆபீசருங்க இவங்க எல்லாம் ஒரு குவார்ட்டர்ல 10 லட்ச ரூபாய்க்கு மேல வாங்குனா வித்தா ரெண்டு டிரேடிங் நாளுக்குள்ள கம்பெனிக்கு சொல்லணும், கம்பெனி அடுத்த ரெண்டு டிரேடிங் நாளுக்குள்ள எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லணும், செபியோட 2015 இன்சைடர் டிரேடிங் விதி அது. அந்தப் பட்டியல்ல பேரு, எத்தனை ஷேரு, என்ன தேதின்னு எல்லாம் இருக்கும், கடைசிப் பக்கமா 'மோட்'னு ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலான ஆளுங்க அதப் பாக்குறதே இல்ல. அதுல மார்க்கெட் பர்ச்சேஸ்னு இருந்தா சொந்தக் காசப் போட்டு நம்மள மாதிரி மார்க்கெட்ல வாங்கிருக்காருன்னு அர்த்தம். கிஃப்ட்னோ இன்டர்-சே டிரான்ஸ்ஃபர்னோ இருந்தா அப்பா பேருல இருந்தத மகன் பேருக்கு மாத்துறது, குடும்ப டிரஸ்டுக்கு மாத்துறது, இந்த மாதிரி. ஈசாப்னு இருந்தா சம்பளத்தோட ஒரு பகுதியா கம்பெனி குடுத்த ஷேரு. மாப்பிள்ளை சொன்ன கம்பெனியில 'வாங்குனது'ன்னு வந்த பெரிய நம்பர் முக்காவாசி குடும்பத்துக்குள்ள நடந்த டிரான்ஸ்ஃபர் அண்ணே, ஒரு எடத்துல கூடுனது இன்னொரு எடத்துல அப்படியே கொறஞ்சிருக்கு, மொத்த புரமோட்டர் சதவீதம் பெருசா மாறல. மார்க்கெட்ல வாங்குனது கொஞ்சமாத்தான் இருக்கு. அது நல்ல விசயம்தான், ஆனா நாளைக்கு ஷேரு பறக்கப் போகுதுன்னு அர்த்தம் பண்ணிக்க வேணாம்.

இன்னொண்ணு, உள்ள இருக்கவருக்கு ரிசல்ட்டு முன்னாடியே தெரியும், அதான் வாங்குறாருன்னு மாப்பிள்ளை நெனைக்கிறாரு பாருங்க, அந்த வழிய அடைக்கத்தான் டிரேடிங் விண்டோன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. குவார்ட்டர் முடிஞ்ச நாள்ல இருந்து ரிசல்ட் வெளிய வந்து 48 மணி நேரம் ஆகுற வரைக்கும் அவங்க வாங்கவும் முடியாது விக்கவும் முடியாது. வாங்குனத ஆறு மாசத்துக்குள்ள வித்து லாபம் பாக்கவும் முடியாது. அதனால அவங்க வாங்குறாங்கன்னா வருசக் கணக்குல வச்சிருக்குற நெனப்புலதான் வாங்குவாங்க. உங்களுக்கு ரெண்டு வருசத்துல ஃபீஸ் கட்டணும். அவங்க கணக்கும் உங்க கணக்கும் ஒண்ணு இல்ல.

புரமோட்டர் வித்தா உடனே பயப்படணுமான்னும் நெறைய பேரு கேக்குறாங்க. டிமார்ட்ட எடுத்துக்கங்க, அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் கம்பெனி, 2017 மார்ச்ல 299 ரூபாய்க்கு ஐபிஓ (மொத தடவையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கிறது) வந்து லிஸ்டிங் அன்னிக்கே ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. அப்ப அதத் தொடங்குன ராதாகிஷன் தமானி குடும்பத்துக்கிட்ட 82 சதவீதம் போல இருந்துச்சு. லிஸ்டட் கம்பெனியில பொதுமக்கள்கிட்ட குறைஞ்சது 25 சதவீதம் இருக்கணும், அப்ப புரமோட்டர் 75-க்கு மேல வச்சுக்க முடியாது, அதுக்கு அப்ப மூணு வருசம் டைம் குடுத்தாங்க. அந்த டைம் முடியப் போறப்ப 2020 பிப்ரவரியில கம்பெனி 2049 ரூபா ரேட்டுல 2 கோடி புது ஷேர கியூஐபி மூலமா பெரிய ஃபண்டுகளுக்குக் குடுத்து 4098 கோடி ரூபா தெரட்டுச்சு, தமானியும் கொஞ்சம் வித்தாரு. பேட்டர்ன மட்டும் பாத்தவன் புரமோட்டர் கையக் கழுவுறாருன்னு நெனச்சிருப்பான். ரூலுக்காகக் கொறச்சாங்க, அவ்ளோதான், இன்னிக்கும் 75-க்குப் பக்கத்துலதான் வச்சிருக்காங்க.

நான் உண்மையிலயே பயப்படுறது வேற ஒரு கட்டத்துக்கு. புரமோட்டர் டேபிள்ல அடகு வச்ச ஷேர் எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கும், பிளெட்ஜ்னு போட்டிருக்கும். நகையடகு உங்களுக்குத் தெரியாததா, தங்கம் வெல இறங்குனா பேங்க்ல இருந்து இன்னும் கொஞ்சம் கட்டுங்கன்னு கூப்புடுவான், கட்டலைன்னா ஏலத்துக்குப் போயிடும். ஷேரும் அதே கததான், ஆனா ஒரு வித்தியாசம், இங்க ஏலம் விட்டா அந்த ஏலத்தாலயே வெல இன்னும் இறங்கும், இறங்குனா மிச்ச அடகுக்கும் ஆபத்து வரும். பிக் பஜார் நடத்துன ஃப்யூச்சர் ரீட்டெயில்ல இதுதான் நடந்துச்சு. புரமோட்டர் பங்குல பெரும்பகுதி அடகுல கெடந்துச்சு, 2020 பிப்ரவரியில 300 ரூபாய்க்கு மேல இருந்த ஷேரு கொரோனா அடியில மார்ச் முடியிறதுக்குள்ள 100-க்கும் கீழ வந்துடுச்சு, கடன் குடுத்தவங்க அடகு ஷேர எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முந்தின வருசம்தான், 2019-ல, ஃப்யூச்சர் கூப்பன்ஸ்ங்குற குரூப் கம்பெனியில 49 சதவீதம் எடுத்து அமேசான் மறைமுகமா உள்ள வந்திருந்துச்சு. அம்புட்டுப் பெரிய கம்பெனியே காசு போட்டிருக்கு, இனி என்ன பயம்னு எத்தனை பேரு வாங்குனாங்க தெரியுமா. 2022-ல கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிடுச்சு. மதுரையிலயும் கையில அந்த ஷேர வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கேட்டு வந்தவங்க இருக்காங்க, அவங்ககிட்ட சொல்றதுக்கு ஆறுதலா ஒரு வார்த்தை கூட எனக்குக் கிடைக்கல. நீங்க சொன்ன கம்பெனியில அடகு சுத்தமா இல்ல, அது பெரிய ப்ளஸ், அத நான் ஒத்துக்குறேன்.

இப்ப அந்த எஃப்ஐஐ 2 சதவீதம். அதே குவார்ட்டர்ல நம்மூரு மியூச்சுவல் ஃபண்டுகளோட பங்கு ஒண்ணரை சதவீதம் கொறஞ்சிருக்கு, மாப்பிள்ளை அதச் சொல்லல, ஒருவேளை அவருக்கு ஃபார்வர்டு பண்ணுனவன் சொல்லியிருக்க மாட்டான். அப்ப ஒரு பெரிய கை வித்தத இன்னொரு பெரிய கை வாங்கிருக்கு. இதுல யாரு சரின்னு அந்தப் பேப்பர வச்சு சொல்லவே முடியாது. அதோட அந்தக் கணக்கு குவார்ட்டர் முடிஞ்ச அன்னிக்கு இருந்த நெலம, உங்க கைக்கு வர்றப்ப மூணு வாரம் ஆயிருக்கும், வாங்குனது அதுக்கும் மூணு மாசம் முன்னாடி இருக்கலாம், அந்த ரேட்டு இன்னிக்கு இருக்குமா?

அடுத்து, எல்லா ஃபண்டும் ஆராய்ச்சி பண்ணித்தான் வாங்குதுன்னும் இல்ல. இன்டெக்ஸ் ஃபண்டு ஒரு பட்டியல்ல இருக்குற ஷேர எல்லாம் கண்ண மூடிட்டு வாங்கும், அதுதான் அதோட வேலை. டாடாவோட டிரென்ட், ஜூடியோ கடை நடத்துறாங்களே அவங்க, 2024 செப்டம்பர் கடைசியில நிஃப்டி 50-ங்குற 50 பெரிய கம்பெனிப் பட்டியலுக்குள்ள வந்துச்சு. நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டு அத்தனையும் அத வாங்கியே ஆகணும், வெல சாஸ்தியா கொறைச்சலான்னு யாரும் பாக்கல. அக்டோபர்ல 8000 தாண்டுன ஷேரு 2025 ஏப்ரல்ல 5000-க்கும் கீழ போச்சு. கம்பெனி நல்ல கம்பெனி, டாடா புரமோட்டர் 37 சதவீதம் அசையாம வச்சிருந்தாங்க, ஃபண்டுகளும் நெறைய வச்சிருந்துச்சு, இருந்தும் வெல இறங்குனத யாராலயும் நிறுத்த முடியல. நம்ம தமிழ்நாடு அரசோட தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோகூட ஒரு ரீட்டெயில் கம்பெனிக்குப் புரமோட்டர்தான் அண்ணே, தனிஷ்க் நடத்துற டைட்டன்ல 27.88 சதவீதம், டாடா பங்க விடக் கூட. அதுவும் வருசக் கணக்கா மாறாம இருக்கு, அதுக்காக டைட்டன் ஷேரு இறங்காமயா இருந்துச்சு.

சின்ன முதலீட்டாளர் பங்கு கொறையுது, அப்ப பெரிய ஆளுங்க சேக்குறாங்கன்னு ஒரு கணக்கும் வாட்சப்ல சுத்துது. அந்தப் பட்டியல்ல '2 லட்சம் வரைக்கும்'னு போட்டிருக்குறது மார்க்கெட் மதிப்பு இல்ல, முகமதிப்பு, அதாவது ஷேர் மேல கம்பெனி போட்டிருக்குற அடிப்படை வெல. டிமார்ட் ஷேரோட முகமதிப்பு 10 ரூபா, அப்ப 20 ஆயிரம் ஷேர் வச்சிருக்கவரும் அந்தச் சின்ன ஆளு லிஸ்ட்லதான் வருவாரு. ஷேரு 4000 ரூபா இருக்கப்ப அது 8 கோடி! அதே மாதிரி 1 சதவீதத்துக்கு மேல வச்சிருந்தாத்தான் பேரு தெரியும், ஒரு பெரிய முதலீட்டாளர் பேரு லிஸ்ட்ல காணோம்னா எல்லாத்தையும் வித்துட்டாருன்னு இல்ல, 1.05 இருந்தது 0.98 ஆயிருந்தாலும் பேரு போயிடும்.

எல்லாத்துக்கும் மேல ஒரு விசயம், இத நீங்க மனசுல நல்லா வாங்கிக்கணும். ஒரு ஃபண்டு அந்த ஷேர 300 கோடிக்கு வாங்குனா நமக்கு மலைப்பா இருக்கும். ஆனா அந்த ஃபண்டுகிட்ட மொத்தம் 15 ஆயிரம் கோடி இருந்தா அது வெறும் 2 சதவீதம். மியூச்சுவல் ஃபண்டு ஈக்விட்டி ஸ்கீம் ஒரே ஷேர்ல 10 சதவீதத்துக்கு மேல போடக் கூடாதுன்னு செபியே கட்டுப்படுத்தி வச்சிருக்கு. அந்த ஷேரு பாதியானாலும் அந்த மேனேஜருக்கு 100 ரூபாயில ஒரு ரூபாதான் போகும், வேற நெறைய ஷேரு இருக்கு, ராத்திரி தூங்குவாரு. உங்களுக்கு 5 லட்சம் ரெண்டரை லட்சமாகும், அதுவும் பாப்பாவோட ஃபீஸ் காசு. அவங்க வாங்குனத நாமளும் வாங்கலாம், அவங்க போட்ட அளவுல போட்டாத்தான் அவங்களப் பின்பத்துறோம்னு அர்த்தம்.

அதனால இப்படிச் செய்ங்க. ஃபீஸுக்கு ஒதுக்க வேண்டியது மூணு லட்சம்னு வச்சுக்குவோம், அத பேங்க் எஃப்டியிலயோ போஸ்ட் ஆபீஸ் ரெண்டு வருச டெபாசிட்லயோ போட்டுட்டு அத மறந்துடுங்க. ஒரு லட்சம் கடைக்கு வேணும், தீபாவளி சரக்குக்கு வட்டிக்கு வாங்காம இருந்தா அதுவே லாபம். மிச்ச ஒரு லட்சம் உங்களுக்கு அஞ்சாறு வருசம் தேவைப்படாதுன்னா ஒரு நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டுல மாசாமாசம் பிரிச்சுப் போடுங்க. மாப்பிள்ளை மனசு நோகக்கூடாது, அந்தக் கம்பெனி மேல உங்களுக்கும் ஆசை இருக்குன்னா அந்த ஒரு லட்சத்துல பத்தாயிரம் வச்சுக்கங்க, அதுக்கு மேல வேணாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க, அத உங்களவிட நல்லா செய்ய எந்த ஃபண்டு மேனேஜராலயும் முடியாது. அந்தக் கம்பெனியோட கடை பைபாஸ் ரோட்டுல இருக்குல்ல, சரக்கெடுக்க வர்ற அன்னிக்கு ஒரு எட்டு உள்ள போய்ட்டு வாங்க. துவரம்பருப்பு, கடலெண்ணெய் என்ன ரேட்டு போட்டிருக்கான், அது நீங்க கீழமாசி வீதியில எடுக்குற ரேட்டுக்கு மேலயா கீழயா, ரேக்கு காலியா கெடக்கா, பில் போடுற எடத்துல கூட்டம் எப்படின்னு பாருங்க. அப்புறம் ஜூலை-செப்டம்பர் பேட்டர்ன் அக்டோபர் 21-க்குள்ள வந்துடும். அதுல அடகு இன்னும் சைபரா, மியூச்சுவல் ஃபண்டு பங்கு இன்னும் கொறைஞ்சிருக்கான்னு பாத்துட்டு, கடையில பாத்த ரேட்டையும் சேத்து எனக்கு எழுதி அனுப்புங்க, பத்தாயிரம் போடலாமா வேணாமான்னு அப்பச் சொல்றேன்.